யாரும் கேட்காத குறட்டை

எங்கள் வீட்டில் அப்பாவின் குறட்டை ஒரு பகிடி. கனடாவுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்டில், பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் கதவைத் தட்டி, "இரவில என்ன மெஷின் ஓட்டுறீங்கள்?" என்று கேட்டதாக அம்மா இன்றைக்கும் சொல்லுவா. கலியாண வீடு, பிறந்தநாள் எதுவென்றாலும் பெரிய மாமா அந்தக் கதையை எடுத்து விடுவார். நானும் தம்பியும் சின்ன வயதில் கசெற் ரெக்கோடரை அப்பாவின் தலைமாட்டில் வைத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, வருகிற சொந்தக்காரருக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறோம். முப்பது வருஷம் அப்படியே சிரிப்பில் போனது.

அப்பாவுக்கு 66 வயதில் ஸ்ட்ரோக் வந்தது. ஊரில் பாரிசவாதம் என்பார்கள். இரவு சாப்பிட்டு, செய்தி பார்த்து, வழக்கம்போலப் படுக்கப் போனவர். விடிய எழும்பும்போது வலது கையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது. "படுக்கேக்க நல்லாத்தானே இருந்தவர்" என்று அம்மா அம்புலன்ஸ்காரரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றா. ஸ்ட்ரோக் வருகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது நித்திரையில் வந்து, எழும்பும்போதுதான் தெரிய வருகிறது என்பதை நான் பிறகுதான் படித்தேன்.

ஆஸ்பத்திரியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூளையை ஸ்கேன் பண்ணினார்கள், கழுத்து இரத்தக் குழாய்களைப் பார்த்தார்கள், இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை இருக்கிறதா என்று நாட்கணக்கில் கவனித்தார்கள். கொலஸ்ட்ரோல், சீனி, பிறஷர் எல்லாவற்றுக்கும் ஒரு இலக்கம், ஒரு குளிசை, ஒரு கடதாசி. வீட்டுக்கு வரும்போது என் கையில் ஒரு தடித்த ஃபைல். அதில் நித்திரை என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. அது இல்லை என்று எனக்கும் அப்போது படவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஐந்து மாதங்களைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அப்பா பயிற்சிக்குப் போவார். பத்து நிமிஷத்தில் கண் சொக்கும். படித்துக் கொடுத்த பயிற்சியை மறந்துவிடுவார். பேரப்பிள்ளை சத்தம் போட்டால் எரிந்து விழுவார். முன்பு அப்படி இருந்த மனுஷன் இல்லை. காலையில் தலையிடி. இரவில் மூன்று, நாலு தரம் சலம் போக எழும்புவார். அதுவும் ஒருபக்கம் விளங்காத ஆள் இருட்டில் எழும்புவதென்றால் எங்களுக்கு நெஞ்சு பதறும். பிறஷருக்கு மூன்று குளிசை போட்டும் விடியற்காலையில் அளந்தால் கூடத்தான் இருக்கும். "மோட்டிவேஷன் குறைவாக இருக்கிறது" என்று பயிற்சி கொடுப்பவர் பக்குவமாகச் சொன்னார். அம்மா அவ்வளவு பக்குவம் பார்க்கவில்லை: "மனுசனுக்குப் பஞ்சி பிடிச்சுப்போச்சு."

ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு விளக்கம் இருந்தது. களைப்பா, ஸ்ட்ரோக் வந்த உடம்பு. மறதியா, வயது. சலமா, சீனி வருத்தம். கோபமா, கவலை. ஒவ்வொரு விளக்கமும் தனித்தனியே சரியாகத்தான் பட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே காரணம் இருக்கலாம் என்று சந்தேகிக்க விடாததும் அந்த விளக்கங்கள்தான்.

இனிச் சொல்லப்போவது என் பிழை.

மூன்றாவது மாதம் ஒரு செக்கப். டொக்டர் நல்லவர், ஆனால் வெளியில் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். கடைசியில், கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு, "நித்திரை எப்படி?" என்று கேட்டார். நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொன்னா: "நித்திரை கொள்ளுறார் பிள்ளை. ஆனா இடையில மூச்சு நிண்டுபோகும். நான் எண்ணிக்கொண்டு படுத்திருப்பன். இருபது, இருபத்தைஞ்சு எண்ணுமட்டும் வராது. பிறகு ஒரு இழுவை இழுத்துத் திடுக்கிட்டு வரும். எனக்குப் பயமாக் கிடக்கும்."

நான் ஆங்கிலத்தில் சொன்னது: கொஞ்சம் குறட்டை விடுவார், மற்றப்படி நல்லா நித்திரை கொள்ளுகிறார்.

நேரமில்லை என்பது ஒரு காரணம். அம்மா எதையும் கூட்டிச் சொல்லுவா என்ற என் நினைப்பு இன்னொரு காரணம். எட்டு வயதிலிருந்து அப்பா அம்மாவுக்கு வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் கிளினிக்கிலும் மொழிபெயர்த்தே வளர்ந்தவள் நான். இதை வாசிக்கிற உங்களில் கனபேரும் அப்படித்தான் வளர்ந்திருப்பீர்கள். பெரியவர்கள் அஞ்சு நிமிஷம் சொல்வதை ஒரு வரியில் சுருக்குவது எங்களுக்குக் கைவந்த கலை. அன்றைக்கு நான் சுருக்கி எறிந்ததில்தான் நோயின் பெயரே இருந்தது. அம்மா சொன்னதை அப்படியே ஒவ்வொரு சொல்லாகச் சொல்லியிருந்தால், அந்த டொக்டர் பிடித்த கதவுப் பிடியை விட்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து, மொன்றியலில் ஒரு செத்தவீட்டுக்கு அம்மா போக வேண்டி வந்தது. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பேஸ்மென்ட் படி இறங்க முடியாததால் அப்பாவின் கட்டிலைச் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவந்திருந்தோம். அந்த மூன்று இரவும் பக்கத்தில் சோபாவில் நான் படுத்தேன். அப்பா படுக்கிற அறையில் நான் நித்திரை கொள்வது இருபது வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

முதலில் வழக்கமான சத்தம்தான். பிறகு சத்தம் நின்றது. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன, ஆனால் காற்று போகவில்லை. நான் போனில் ஸ்டொப்வொச்சை அமத்தினேன். 34 செக்கன். பிறகு தண்ணீருக்குள் இருந்து எழும்பி வந்தவர் மாதிரி ஒரு இழுவை, உடம்பு ஒரு உதறல், திரும்பவும் குறட்டை. ஒரு நிமிஷம் போனது. திரும்பவும் நின்றது. என் வேலையில் ஒரு சேர்வர் முப்பது செக்கன் பதில் சொல்லாவிட்டால் இரவு இரண்டு மணிக்கும் என் போன் அலறும். எழும்பி லொக்கைத் திறந்து பார்க்காமல் படுக்க மாட்டேன். அப்பாவின் மூச்சுக்கு அப்படி ஒரு லொக்கை அம்மா வருஷக்கணக்காகத் தலைக்குள் எழுதி வைத்திருந்தா. நான்தான் திறந்து பார்க்கவில்லை.

விடிவதற்குள் மூன்று வீடியோ எடுத்தேன். குடும்ப டொக்டர் முதலாவதை முழுதாகக்கூடப் பார்க்கவில்லை, ஸ்லீப் லாபுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

நித்திரையில் என்ன நடக்கிறது

இதற்கு ஸ்லீப் அப்னியா என்று பெயர். மூச்சில்லாமை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அந்தத் தளர்வில் மூச்சு வழியே மூடிவிடும். குறைந்தது பத்து செக்கன் காற்று நின்றால் அதை ஒரு தடவை என்று கணக்கில் எடுப்பார்கள். முழுதாக நிற்காமல் பாதி அடைபட்டு ஒட்சிசன் குறைந்தாலும் அதுவும் கணக்கு. மணிக்கு எத்தனை தடவை என்பதுதான் நோயின் அளவு: 5 முதல் 15 வரை இலேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. அப்பாவுக்கு 41. அதாவது ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஒட்சிசன் ஒரு கட்டத்தில் 74 வீதத்துக்கு இறங்கியிருந்தது. கோவிட் காலத்தில் விரல் நுனியில் மாட்டுகிற அந்தச் சின்ன மெஷினில் 92ஐக் கண்டே அம்புலன்ஸைக் கூப்பிட்டவர்கள் நாங்கள்.

ஒவ்வொரு தடவையும் மூச்சு அடைபட, மூளை அவசர மணி அடித்து ஆளைப் பாதி எழுப்பும். அந்த நேரம் பிறஷர் குபீரென்று ஏறும், இதயம் வேகமாக அடிக்கும். சாதாரணமாக இரவில் பிறஷர் பகலைவிட இறங்க வேண்டும். உடம்புக்கு அதுதான் ஓய்வு. இவர்களுக்கு அந்த இறக்கம் இல்லை. குளிசை போட்டும் விடியற்காலைப் பிறஷர் அடங்காததன் கதை இது. சலத்துக்கு அடிக்கடி எழும்புவதும் பெரும்பாலும் இதன் வேலைதான்: அடைத்த தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் இழுபட்டு விரிய, உடம்பில் நீர் கூடிவிட்டது என்று ஏமாந்து சலத்தை வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹோர்மோனை அவை விடுகின்றன. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் ஸ்லீப் அப்னியா உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அது ஸ்ட்ரோக்குக்கு நேராக வழி வைக்கிற வருத்தம்.

2005 இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் வந்த யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தது. வயது, பிறஷர், சீனி, உடல் எடை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும், ஸ்லீப் அப்னியா உள்ளவர்களுக்கு ஸ்ட்ரோக் அல்லது மரணம் நேரும் அபாயம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக இருந்தது.

மறுபக்கமாகவும் பார்த்திருக்கிறார்கள். 2010 இல் 29 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, ஸ்ட்ரோக் வந்த 2,343 பேரின் நித்திரையைக் கணக்கெடுத்தார்கள். நூறில் 72 பேருக்கு மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் மூச்சு தடைப்பட்டது. இருபதுக்கு மேல் என்றால் நூறில் 38 பேர். நான் இந்த இலக்கத்தை முதலில் பார்த்தபோது பிழையாக வாசிக்கிறேன் என்றே நினைத்தேன். பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இருக்கிற ஒன்றை யாரும் ஏன் தேடுவதில்லை?

தேடுவதில்லை என்பதும் வெறும் பேச்சு இல்லை. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் கோர்ப்பஸ் கிறிஸ்ரி நகரத்தில் ஸ்ட்ரோக் வந்தவர்களை வருஷக்கணக்காகப் பின்தொடரும் ஆய்வு ஒன்றில், ஸ்ட்ரோக்குக்குப் பிந்திய மூன்று மாதத்தில் நித்திரைச் சோதனை பற்றி யாராவது பேச்செடுத்தது பத்திலொரு பங்குக்கும் குறைவானவர்களிடம்தான்.

ஏன் தப்பிவிடுகிறது

இதற்குப் பதிலின் ஒரு பாதி நான் வேலைக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது. ரொறன்ரோவின் யூனிவர்சிட்டி அவெனியூவில் உள்ள ரொறன்ரோ ரிஹாபிலிட்டேஷன் இன்ஸ்ரிரியூட்டைச் சேர்ந்தவர்கள் பல வருஷமாக இந்தக் கேள்வியில் வேலை செய்திருக்கிறார்கள். 2010 இல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஒப்பீடு எனக்கு நிறைய விளங்க வைத்தது. பொதுவாக ஸ்லீப் அப்னியா என்றதும் டொக்டருக்கு நினைவு வருவது பருத்த உடம்பும் பகலில் தூங்கி விழுவதும். ஸ்ட்ரோக் வந்தவர்களை, ஸ்ட்ரோக் வராத சாதாரண மக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அதே அளவு கடுமையான அப்னியா இருந்தும் ஸ்ட்ரோக்காரர்கள் மெலிவாக இருந்தார்கள். பகல் நித்திரை பற்றிய கேள்விகளுக்கும் குறைவான புள்ளியே கொடுத்தார்கள். தேடுகிற அடையாளமே இல்லாத இடத்தில் நோய் இருந்தது.

எங்கள் ஆட்களை நினைத்துப் பாருங்கள். அப்பாவுக்கு மெலிந்த கை கால், கொஞ்சம் வயிறு. எந்த டொக்டரும் அவரைப் பருமன் என்று சொல்ல மாட்டார். தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சீனியும் இதய வருத்தமும் வருவது எங்களுக்குப் பழகிய கதை. நித்திரை மூச்சும் அதே மாதிரித்தான், எடை மட்டும் இல்லை, தாடை எலும்பின் அமைப்பும் நாக்கின் பருமனும் கழுத்தும் சேர்ந்து முடிவு செய்கிற விஷயம்.

ஸ்டொப்-பாங் என்ற எட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்று உலகம் முழுக்கப் பாவனையில் இருக்கிறது. 2008 இல் ரொறன்ரோவில் ஃபிரான்சிஸ் சுங் என்ற மயக்க மருந்து நிபுணரின் குழு சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களுக்காக உருவாக்கியது. பலத்த குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதை யாராவது கண்டது, உயர் பிறஷர், பி.எம்.ஐ 35க்கு மேல், வயது 50க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்றிமீற்றருக்கு மேல், ஆண். மூன்றுக்கு ஆம் என்றால் சோதிக்க வேண்டிய ஆள். பிறஷர், வயது, ஆண் என்று குறட்டையைத் தொடாமலே அப்பாவுக்கு மூன்று. மற்றதையும் சேர்த்தால் ஆறு. அந்தக் கேள்விகளைக் கேட்க இரண்டு நிமிஷம் போதும். புள்ளி குறைவாக வந்தால் நோய் இல்லை என்றும் அர்த்தமில்லை. குறிப்பாக அம்மாமாருக்கு: பெண்களின் குறட்டை பெரும்பாலும் மெதுவானது, நித்திரை வராமை, காலைத் தலையிடி, ஓயாத களைப்பு என்று வேறு வேஷத்தில் வரும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் அபாயம் ஏறுகிறது.

பதிலின் மறுபாதி எங்கள் வீடுகளுக்குள் இருக்கிறது. இந்த நோய்க்குச் சாட்சி நோயாளி இல்லை, பக்கத்தில் படுக்கிறவர். எங்கள் வீட்டில் அம்மா பத்து வருஷத்துக்கு முன்பே, "அந்த மனுசன்ர குறட்டையில படுக்கேலாது" என்று என் மகளின் அறைக்கு வந்துவிட்டா. பேத்திக்கு அம்மம்மாவோடு படுக்க ஆசை, அம்மாவுக்கும் நிம்மதி, எல்லோருக்கும் வசதி. உங்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது? பிள்ளையைப் பார்க்க வந்த அம்மம்மா பிள்ளையின் அறையிலேயே தங்கிவிட, அம்மப்பா பேஸ்மென்டில் தனியே மூச்சுத் திணறுகிறார். சாட்சி அறையை விட்டே போய்விட்டது. இருந்த சாட்சி பேசியபோதும் நான் அதை ஒரு வரியாகச் சுருக்கினேன்.

மெஷின்

மூச்சு வழி மூடாமல் காற்றாலேயே உள்ளிருந்து முட்டுக்கொடுப்பதுதான் சீபாப் மெஷின். சிட்னியில் கொலின் சலிவன் என்ற டொக்டர் 1980 இல் முதன்முதலாக ஒரு நோயாளியில் இதைச் செய்து பார்த்தார். 1981 இல் லான்செட்டில் எழுதினார். ஆரம்பத்தில் காற்று ஊதியது வக்கூம் கிளீனர் மோட்டார். இப்போது ஒரு பாண் அளவு பெட்டி, சத்தமும் பெரிதாக இல்லை.

அப்பா முதல் இரவு அதைக் கழற்றி எறிந்தார். இரண்டாவது இரவும்தான். "செத்தாலும் பரவாயில்லை, இதைப் போட்டுக்கொண்டு படுக்கேலாது" என்றார். மகள் அதைத் தும்பிக்கை என்று கூப்பிட்டது உதவவில்லை. வீட்டுக்கு ஆட்கள் வரும்போது அம்மா பூத்தையல் போட்ட துணியால் மெஷினை மூடி வைப்பா. சாப்பாட்டு அறைக்கு நடுவே வைத்துக்கொண்டு எவ்வளவு மூடுவது?

ஸ்ட்ரோக் வந்தவருக்கு இன்னொரு சிக்கல், இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மாஸ்க்கின் பட்டியை மாட்ட இரண்டு கை வேண்டும். அப்பாவிடம் இருந்தது ஒன்று. வாயின் ஒரு மூலை தளர்ந்திருந்ததால் அந்தப் பக்கத்தால் காற்றும் கசிந்தது. கைப்பயிற்சி கொடுக்கிற ஒக்கியுபேஷனல் தெரப்பிஸ்ட்தான் வழி காட்டினார்: பட்டியை அவிழ்க்கவே வேண்டாம், ஒருமுறை அளவாக்கிவிட்டுத் தொப்பி மாதிரி இடது கையால் பின்னுக்கு இழுத்துவிடுங்கள் என்று. காந்தக் கொக்கி வைத்த மாஸ்க்குகள் ஒரு கையால் மாட்டச் சுகம். ஆனால் பேஸ்மேக்கர் அல்லது மூளையில் உலோகக் கிளிப் வைத்தவர்களுக்கு அவை ஆபத்தாகலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். பகலில் ரீவி பார்க்கும்போது அரை மணித்தியாலம் போட்டுப் பழக விட்டோம். பழைய சிவாஜி படம் ஒன்று ஓடினால் மாஸ்க் முகத்தில் இருப்பதே அப்பாவுக்கு மறந்துபோகும். ஆறு கிழமை எடுத்தது.

இப்போது உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த மெஷின் அடுத்த ஸ்ட்ரோக்கைத் தடுக்கும் என்று யாராவது உங்களுக்கு உறுதி சொன்னால் நம்பாதீர்கள். ஏற்கெனவே இதய வருத்தமோ ஸ்ட்ரோக்கோ வந்த 2,700க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த 'சேவ்' என்ற பெரிய ஆய்வு 2016 இல் வெளிவந்தது. மெஷின் பாவித்தவர்களுக்கு மாரடைப்போ ஸ்ட்ரோக்கோ குறையவில்லை. ஆனால் அவர்கள் அதைப் போட்டது சராசரியாக இரவுக்கு 3.3 மணித்தியாலம் மட்டும். மிச்ச நேரம் தொண்டை தன்பாட்டில் மூடிக்கொண்டுதான் இருந்திருக்கும். பகல் களைப்புக் குறைந்தது, மனநிலை முன்னேறியது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அமெரிக்க ஸ்ட்ரோக் சங்கத்தின் 2021 வழிகாட்டியும் அளந்துதான் பேசுகிறது: ஸ்ட்ரோக் வந்தவரை அப்னியாவுக்குச் சோதிப்பதை யோசிக்கலாம், இருந்தால் சீபாப் பயன்தரக்கூடும் என்று. டொக்டர்மார் அவசரப்படாததற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. முன்னே சொன்ன ரொறன்ரோ ரிஹாப் ஆட்கள் 2011 இல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வில், பயிற்சிக் காலத்தில் நாலு கிழமை சீபாப் போட்டவர்களின் கை கால் இயக்கமும் அன்றாட வேலை செய்யும் திறனும் போடாதவர்களைவிடக் கூடுதலாக முன்னேறின. ஞாபகசக்தியில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஸ்ட்ரோக்குக்குப் பிந்திய முதல் மாதங்கள்தான் மூளை திரும்பப் பழகிக்கொள்கிற பொன்னான காலம் என்று எல்லோரும் எங்களிடம் சொன்னார்கள். அந்த ஐந்து மாதமும் அப்பா ஒன்றரை நிமிஷத்துக்கு ஒருமுறை எழுப்பப்பட்ட மூளையோடு பயிற்சிக்குப் போய், 'மோட்டிவேஷன் இல்லாதவர்' என்று பெயர் வாங்கி வந்தார். பஞ்சி பிடித்தவர் என்று நாங்களும் சொன்னோம். அந்த மாதங்களைத் திருப்பி எடுக்க வழியில்லை.

அப்பாவின் வலது கை இன்னும் முழுதாக வரவில்லை; மெஷினால் அது வந்துவிடவும் போவதில்லை. பிறஷர்க் குளிசை ஒன்றும் நிற்கவில்லை, ஆனால் காலை இலக்கம் இறங்கியிருக்கிறது. சலத்துக்கு ஒரு தரம்தான் எழும்புகிறார். பயிற்சியில் முழித்திருக்கிறார். பேத்தியோடு தாயம் விளையாடும்போது அவள் அளாப்பினால் பிடித்துவிடுகிறார்.

நீங்கள் செய்யக்கூடியது

நான் டொக்டர் இல்லை, கோட் எழுதுகிற ஆள். ஒரு மகளாகச் சொல்கிறேன். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ, மாமனார் மாமியாருக்கோ ஸ்ட்ரோக் வந்திருந்தால், கை கால் இழுத்துச் சில நிமிஷத்தில் சரியாகிவிட்ட 'மினி ஸ்ட்ரோக்' என்றாலும், ஒரு இரவு அந்த அறையில் படுத்துப் பாருங்கள். சத்தத்தை விட்டுவிட்டு, சத்தம் நிற்கிற இடங்களைக் கவனியுங்கள். நெஞ்சும் வயிறும் தெரிகிற மாதிரி இரண்டு நிமிஷம் வீடியோ எடுங்கள். டொக்டரிடம் 'குறட்டை' என்று தொடங்காதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் டொக்டரும் சிரிப்பார். 'நித்திரையில் மூச்சு நிற்பதைக் கண்ணால் கண்டோம்' என்று சொல்லுங்கள். அவர்களின் பாஷையில் 'விட்னெஸ்ட் அப்னியா'. அம்மாவும் கூட வந்திருந்தால் அம்மாவைப் பேச விட்டு, வசனம் வசனமாக மொழிபெயருங்கள். அல்லது ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

சோதனை இரண்டு விதம். லாபில் ஒரு இரவு தலையிலிருந்து கால் வரை வயர் ஒட்டிப் படுப்பது ஒன்று. ஸ்ட்ரோக் வந்தவரைத் தனியே விட முடியாததால் அம்மாவும் கதிரையில் இரவு முழுக்க இருந்தா. மற்றது வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிக்கொள்ளும் சின்னக் கருவி. ரொறன்ரோ சன்னிபுரூக் ஆஸ்பத்திரியின் ஆய்வாளர்கள் 2020 இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டையும் ஒப்பிட்டார்கள்: வீட்டுக் கருவி கொடுக்கப்பட்ட ஸ்ட்ரோக் நோயாளிகளில் கூடுதலானோருக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டது, கூடுதலானோர் சிகிச்சையும் தொடங்கினார்கள். வீட்டில் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒன்ராறியோவில் டொக்டர் எழுதிக் கொடுத்தால் லாப் சோதனைக்கு ஓஹிப் பணம் கட்டும், மெஷினின் விலையில் 75 வீதத்தை மாகாணத்தின் உபகரண உதவித் திட்டம் ஏற்கும். பிரித்தானியாவில் என்.எச்.எஸ் மெஷினை இலவசமாகவே இரவல் தருகிறது. மற்ற நாடுகளில் காப்புறுதியைப் பொறுத்தது.

அதுவரைக்கும், டொக்டரிடம் சொல்லாமல் நித்திரைக் குளிசை கொடுக்காதீர்கள். படுக்கப் போகும்போது ஒரு சின்ன விஸ்கி என்ற அந்தப் பழக்கமும் வேண்டாம். இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்தும். மல்லாந்து படுத்தால் பலருக்கு மோசமாகும். சரித்துப் படுக்க வைப்பதென்றால், விளங்காத தோளை எப்படி வைப்பது என்று தெரப்பிஸ்ட்டிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கலியாண வீடுகளில் அப்பாவின் குறட்டைக் கதை சொல்லுகிற பெரிய மாமாவுக்கு 71 வயது. பிறஷர், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இரண்டும் இருக்கிறது. போன கிழமை மாமி எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினா, மாமாவுக்குத் தெரியாமல். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். நான் எண்ணிப் பார்த்தேன். டொக்டருக்குக் காட்டுங்கோ மாமி என்றேன். "உன்ர மாமா கத்துவார் பிள்ளை" என்றா. அப்பா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். போனைத் தா என்று இடது கையை நீட்டினார். இன்னும் கொஞ்சம் குழறுகிற பேச்சில் அரை மணித்தியாலம் மாமாவோடு கதைத்தார். வருகிற செவ்வாய்க்கிழமை மாமாவுக்கு அப்பொயின்ட்மென்ட். மாமிதான் கூட்டிக்கொண்டு போகிறா, மொழிபெயர்க்க நானும் போகிறேன்.